எஞ்சின் எண்

விற்றவன் ஐம்பத்தொன்று மாடல் என்றான்.
குலசேகரத்தில் ரப்பர் புகைக்கூடத்தின் ஓரம்
முப்பது வருடம் நின்ற ஆஸ்டின்.
கதவைத் திறந்தால் இன்னும்
ஷீட் உலரும் புளித்த வாசம்.
"புகை குடிச்ச வண்டியாக்கும், துரு தொடல்ல"
என்றார் ரசாலம் மெக்கானிக்.

மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தேன்.
பச்சைக்கு அடியில் சாம்பல்,
சாம்பலுக்கு அடியில் கறுப்பு.
நம்பர் தகட்டில் மங்கலாய் டி, சி:
எல்லைக் கோடு நகருமுன் எழுதியது.

சேசிஸ் தகடு நாற்பத்தெட்டு என்றது.
எஞ்சின் எண் மட்டும்
எந்தப் பட்டியலிலும் சிக்கவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
அடியில் கிடந்த ரசாலம் சிரித்தார்.
"ஓய், இது பம்புசெட்டு எஞ்சின், ஒப்புக்கு வச்சது.
சொந்த எஞ்சின் ஏதோ வள்ளத்துல ஏறி
கடலுக்குப் போயிருக்கும்."

மண்டைக்காட்டில் என் வீடு.
உப்புக்காற்று முதல் ராத்திரியே
பம்பரைத் தொட்டுப் பார்த்தது.
கிரீஸ் பூசி, தார்ப்பாய் இழுத்துக் கட்டினேன்.
பெயிண்ட் எப்போ என்கிறாள் லில்லிபாய்.
சுரண்டிய இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்,
மூன்று நிறமும் தெரிய.

விடியலில் கடற்கரைக்குப் போனால்
ஒவ்வொரு வள்ளமும் இருமிக் கிளம்பும்போது
நின்றுவிடுகிறேன்.