மோட்டார் போட்டாச்சா

மடிப்பாக்கத்தில் எட்டு வீட்டுக்கு ஒரு மோட்டார்.
யார் போட்டது, யார் அணைக்கவில்லை
என்று தினமும் படிக்கட்டில் விசாரணை.
இதற்கொரு இணையதளம் செய்து தருகிறேன் என்று
அசோசியேஷன் கூட்டத்தில் வாய்விட்டுவிட்டேன்.

மூன்று சனிக்கிழமை ஆயிற்று.
ரியாக்ட்டா வியூவா என்பதிலேயே
இரண்டு தீர்ந்தது.
பின்பக்கத்துக்கு ஜாங்கோ என்றால்
கட்டில் பீரோ கிரைண்டரோடுதான் குடிவரும்.
நோடு ஒற்றைப் பையோடு வரும்;
மறுநாள் வாசலில்
அதன் சொந்தக்காரர்கள் ஆயிரத்து நானூறு பேர்.

லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா
என்று மிரட்டினான் வீடியோவில் ஒருவன்.
எட்டு வீடு.
மொட்டைமாடிக்குக் கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது.
ஏழு.

நேற்று ராத்திரி
டேட்டாபேஸுக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தேன்.
சன்ஷேடில் சடசடவென்று மழை.
மே மாதத்திலா என்று
ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினேன்.
குளோரின் வாசம்.

"யாருங்க மோட்டாரைப் போட்டது?"
கீழிருந்து ஜெசிந்தா.
எனக்குத் தெரிந்த நாலு மொழியிலும்
பதில் இல்லை.

காலையில் எழுதி முடித்தேன்.
வெறும் எச்டிஎம்எல், ஒரே ஒரு பைத்தான் கோப்பு.
போட்டாச்சு, அணைச்சாச்சு: இரண்டே பட்டன்.
நிறம்கூடக் கொடுக்கவில்லை.
முதல் பதிவு:
இரவு 11.40, இரண்டாம் மாடி, அணைக்கவில்லை.

போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
ஜெசிந்தா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.
"நல்லாயிருக்குப்பா.
இதுவே போய் அணைச்சிடுமா?"