பி

காலை ஏழு மணியிலிருந்து எனக்கு
ஒரே ஓர் எழுத்துத்தான்.
அரியாலை கிழக்கில், மணல் இறுகிய தரையில்
தண்ணீர்க் குழாயை வெட்டி வேலியாக்கிய நீள்சதுரத்தின்
வலப்பக்க நடுவில் நிற்கிறேன்.
என் பெயர் இன்றைக்கு பி.

எதிரே ஈ, யூடித்தின் மச்சாள்.
மூலையடியில் எம், பாசையூரில் மீன் ஏலம் கூறுகிறவர்,
அவர் சொன்னால் எழுத்துக்கும் விலை ஏறும்.
நான் சாவகச்சேரி பஸ்ஸில் கொண்டக்டர்.
கத்திப் பழகியவன் என்றுதான் பிடித்துவந்தார்கள்.

விதி சின்னது.
பார்வையில்லாதவள் குதிரையில் வரும்போது
எழுத்தை மட்டும் சொல்லலாம்.
திரும்பு என்றால் போட்டியிலிருந்து வெளியே.
கவனம் என்றால் வெளியே.
வாய் தவறிப் ‘பிள்ளை’ என்றாலும்.

முதல் ஒத்திகையில் சோளகம் அடித்தது.
ஈ, சி, பி மூன்றும் காற்றில் ஒரே இழுவையாகி
சி-க்குப் போகவேண்டியவள்
என் நெஞ்சுக்கு நேரே வந்தாள்.
கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்று கூப்பிடுவோமா என்றேன்.
“அதுவும் வில்லிலதானே முடியுது.
எழுத்தை ஆர் கேட்டது?
எனக்குத் தொண்டை காணும்” என்றாள்.

குதிரைக்கு ராசவள்ளி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.
நுவரெலியாவில் ஓடி ஓடிக் கடைசியாக வந்து
லொறியில் இறக்கப்பட்ட குதிரை.
என்ன நிறம் என்று கேட்டாள்.
அவித்த கிழங்கின் நிறம் என்று
யாரோ சொல்லிவிட்டார்கள்.

மணி அடித்தது.
குடைக்குக் கீழே கொழும்பு நடுவர் பென்சிலைச் சீவினார்.
எம் கூவி ஓய்ந்தது. அடுத்தது நான்.
பி-யில் பத்து மீற்றர் வட்டம்,
ஓட்டநடை, கை இளக்கமாக.

அப்போதுதான் தெற்கே கோயில் ஒலிபெருக்கி
ஹலோ, ஹலோ என்று விழித்தது.
ராசவள்ளியின் ஒரு காது பின்னால் போனது.

பி, என்றேன்.
மிரளுது, வாரை இறுக்காதே, இடப்பக்கம் குழாய்,
இங்கேதான் நிற்கிறன், விழுந்திடாதே,
எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றினேன்.
மிதிபலகைவரை ஆள் தொங்குகிற பஸ்மாதிரி
அந்த எழுத்து ஒருபக்கம் சரிந்து போனது.

வட்டம் முட்டையானது. பத்துக்கு ஐந்து.

கடைசியில் நடுக்கோடு.
பின்னால் ஏ, முன்னால் சி, பிறகு அவர்களும் இல்லை.
நடுப்புள்ளிக்கு எக்ஸ் என்று பெயர்,
அதில் ஆள் நிற்பதில்லை.
ஈ-யும் நானும் எதிரெதிரே வாயை மூடிக்கொண்டு
மூச்சு அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று நின்றோம்.

அரை அடி தள்ளி நிறுத்தினாள்.
நான்கு குளம்பும் சதுரம்.
தலையைக் குனிந்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள்
ராசவள்ளி சாணம் போட்டது.

ஐம்பத்தெட்டுத் தசம் மூன்று.
நால்வரில் மூன்றாவது.
முதலாமிடம், வாரை முடிச்சிட்டு
ஒற்றைக் கையால் ஓட்டிய கிளிநொச்சிப் பொடியனுக்கு.

இறங்கிச் சேணத்தை அவிழ்த்தபடி கேட்டாள்:
“ஏன் பயந்தனீங்கள்?”
“ஆர்?”
“பி.”
மைக் சத்தம் என்றேன்.
“அது எனக்கும் கேட்டதுதானே” என்று
வியர்த்த கழுத்தைத் துடைக்கப் போய்விட்டாள்.

பின்னேர ட்ரிப்.
கச்சேரியடி என்று கூவ வாயெடுத்தேன்,
பி என்று வந்தது.
இரண்டு பேர் இறங்கினார்கள்.