முப்பது வரி

சுழல்கதவுக்குப் பக்கத்து உயர்ந்த இருக்கை
ஒரு மேசையும்தான் என்று
பத்தொன்பது வருடம் கழித்து
இந்த மார்ச்சில்தான் எனக்குத் தெரிந்தது.
மடியில் சில்லறைப் பெட்டி,
மூடிமேல் கோடு போட்ட தாள்.
காஸா அமரேலாவிலிருந்து நகரத்துக்கு
நெரிசல் இல்லையென்றால் ஐம்பத்தைந்து நிமிடம்.
ஒரு கட்டுரைக்குச் சரியான தூரம்.

வால்டெமிர் கண்ணாடியில் பார்த்துக் கத்துவான்:
"ஜோசெனில்டா, பாலம் வந்தாச்சு,
முடிவுரைக்கு வா!"
நானோ இரண்டாம் பத்தியில்
ஓர் 'ஏனெனில்' உடன்
மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

என் கையெழுத்து எங்கெல்லாம் குதிக்கிறதோ
அங்கெல்லாம் ரெசிஃபி மாநகராட்சி
தார் போட மறந்திருக்கிறது.
ஒருமுறை 'சமூகத்தின் தலையாய கடமை' என்பதற்கு அடுத்து
'மீதி அறுபது சென்டாவோ' என்று எழுதிவிட்டேன்.
இரவுப் பள்ளியில் டைனாரா டீச்சர்
அதை அடிக்கவில்லை.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும்.
என் மகன் வயதுகூட இல்லை அவளுக்கு.

விதி இதுதான்:
ஒரு பிரச்சினை தருவார்கள்.
முப்பது வரிக்குள் அதை விளக்க வேண்டும்,
வாதாட வேண்டும்,
கடைசிப் பத்தியில் தீர்க்கவும் வேண்டும்.
யார் செய்வது, என்ன செய்வது,
எப்படி, எதற்காக.
ஒன்று விட்டாலும் மதிப்பெண் போச்சு.
முப்பத்தோராவது வரியை யாரும் படிக்க மாட்டார்கள்.

யார்? அரசு.
பட்டினியா? அரசு. இரைச்சலா? அரசு.
முதியோர் தனிமையா? அதற்கும் அரசு.
பதினான்கு கட்டுரையில் எழுதிவிட்டேன்.
பத்தொன்பது வருடத்தில் அது
ஒருநாள்கூட என் பேருந்தில் ஏறியதில்லை.

ஜூலையில் வந்த தலைப்பு: மலைச்சரிவு வீடுகளும் மழையும்.
பேனா தானாக ஓடியது.
கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு போர்த்திய மண்சுவர்,
விடியற்காலை மூன்று மணி,
அக்காவின் சமையலறை மட்டும் தனியாகக்
கீழே இறங்கிப் போனது,
அடுப்பில் ஊறவைத்த பீன்ஸோடு.
நல்லவேளை, அக்கா கழிவறையில் இருந்தாள்.

"அழகு," என்றாள் டைனாரா, "ஆனால் இது வாதம் இல்லை.
சொந்தக் கதை வேண்டாம்."
அடித்துவிட்டு எழுதினேன்:
'பல குடும்பங்கள் பாதிக்கப்படுகின்றன.'
எழுநூற்று இருபது வந்தது,
இதுவரை எடுத்ததில் அதிகம்.
அந்தப் 'பல'வுக்குள் எங்கேயோ
ஒரு பானை உருண்டுகொண்டே இருக்கிறது.

ஜனவரியில் இந்த இருக்கையைக் கழற்றப் போகிறார்கள்.
அட்டையைக் காட்டினால் கதவு சுழலும்.
எனக்கு வருத்தமா என்று வால்டெமிர் கேட்டான்.
முதுகுவலி போகும் என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

நவம்பர் ஞாயிறு. ஒரு மணிக்கு வாசலை அடைப்பார்கள்.
ஒரு மணி ஒரு நிமிடத்துக்கு வருபவர்களைப் படம் பிடிக்கத்
தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருப்பார்கள்.
எங்கள் தடத்தில் வருடா வருடம் யாராவது ஒருவர்.
ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண்,
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினாள்.
மூடிய கம்பியைப் பிடித்து அவள் நின்றபோது
அவளுக்கு நான் மீதி தர வேண்டியிருந்தது.
பேருந்து நகர்ந்துவிட்டது.

நான் காலை எட்டுக்கே கிளம்பிவிடுவேன்,
பயணியாக, காசு கொடுத்து.
உடல் தெரியும் கறுப்பு மைப் பேனா இரண்டு வாங்கியாயிற்று.
ஒன்றில் இப்போதே பல் தடம்.

இன்றிரவு சமையல் மேடையில் கடைசிப் பயிற்சி.
ஃபிரிட்ஜ்மேல் மணிக்கூடு.
மகன் தொலைக்காட்சியின் சத்தத்தைத் தானாகவே குறைத்துவிட்டான்.
யார்? என்ற இடத்தில்
இன்னும் எதுவும் எழுதவில்லை.
எண்ணிப் பார்க்கிறேன்:
இருபத்தெட்டு வரி ஆகியிருக்கிறது.
இரண்டு மீதி.