பதினஞ்சாயிரம் பீடி

முக்கூடல் வளைவில்
மினிபஸ் ஏறி இறங்கிய குட்டியை
பீடித் தட்டில் கிடத்தி, துணி மூடி,
டவுன் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

எக்ஸ்ரே, தகடு, தையல், ஊசி:
நாலாயிரத்து இருநூறு.
ரூபாயாய்ச் சொன்னால் எனக்கு உறைக்காது.
ஆயிரத்துக்கு இருநூத்தெண்பது;
பதினஞ்சாயிரம் பீடி.

'ஏளா, இந்தச் சவத்துக்கா இம்புட்டுத் துட்டு?'
கேட்டுக்கொண்டேதான்
முன்பணம் எண்ணித் தந்தார் கடை ஏசையா.
பாஸ்புக்கில் காரணம் எழுத இடமில்லை.
ஓரமாய் 'நாய்' என்று கிறுக்கினார்.

ரசீதுக்கு உரிமையாளர் பெயர் கேட்டார்கள்.
எனக்குத் தெரிந்தது மினிபஸ்ஸின் பெயர்தான்.
கொஞ்சம் நின்று,
முப்பிடாதி என்றேன்.
என் பெயர்.

ராத்திரி மடியில் தட்டு,
தட்டுக்கு அண்டையில் அது.
கட்டு நழுவிய இடத்தில் தையல் தெரிந்தது.
குனிந்து பார்த்தேன்.
பரவாயில்லை.
முடிச்சுதான்
என்னுதைவிடக் கொஞ்சம் லூசு.