சரிவில் மட்டும்

மேட்டுப்பாளையத்தில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு
"ஒண்ணுமே இல்லைங்க மேடம்" என்று
கையைத் துடைத்துக்கொண்டான் பட்டறைப் பையன்.
அங்கே சொட்டவில்லைதான். அங்கே தரை சமம்.

கோத்தகிரியில் சமதளம் ஏது?
எங்கள் வாசலில் இந்தச் சிவப்பு வண்டி
வானம் பார்த்த மூக்கோடுதான் நிற்கும்,
பின்சக்கரங்களுக்குக் கருங்கல் முட்டு.

இருப்பதே இரண்டு சீட்.
கழற்றிக் கூடத்தில் போட்டேன்.
ஒன்றில் சாய்ந்துகொண்டு ஜெபராஜ்
பேப்பரை உரக்க வாசிக்கிறான்.
அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்றதால்
டீ இல்லாத கோபம்
தலைப்புச் செய்திகளில் கேட்கிறது.

பேட்டரி வயர் கழற்றியாயிற்று.
டேங்கின் கழுத்தில் கிளாம்ப் புதுசு.
கீழே இறங்கும் ஹோஸ் புதுசு, உலர்ந்தும் இருக்கிறது.
தூறலில் எது பெட்ரோல், எது மழை?
விரலில் தொட்டு ஊதினால்
சில்லென்று சட்டெனப் போய்விடுவது பெட்ரோல்.
தண்ணீர் உட்கார்ந்திருக்கும்,
சொல்லாமல் வந்த விருந்தாளி மாதிரி.

மேலே, கண்ணாடி பிடித்துப் பார்த்தால்தான் தெரிகிற மூலையில்
சுண்டுவிரல் தடிமனில் ஒரு காற்றுக்குழாய்.
பெட்ரோலுக்கு அங்கே வேலையே கிடையாது.
வண்டி தலைதூக்கினால் மட்டும்
நிறைந்த டேங்க் பின்னால் சரிந்து
அதன் வெடிப்பை எட்டித் தொடுகிறது.

நாலு அங்குல ரப்பர்,
இரண்டு கிளாம்ப்,
முழங்கையில் ஒரு சிராய்ப்பு.

அடியில் விரித்த அட்டையில்
விடியும்வரை ஒரு பொட்டு இல்லை.
ஜன்னலில் தீப்பெட்டியோடு ஜெபராஜ்:
"இப்பவா?"

இரு.
இந்த மஞ்சு கொஞ்சம் கலையட்டும்.
இன்னொரு தடவை மோந்து பார்க்கிறேன்.