மடியில் கனம்

டாண்டினோங்கில் ஆறே முக்கால் ரயில்.
சன்னலோரம் இடம் கிடைத்தது.
மடியில் நீல ஐஸ்பெட்டி,
அதற்குள் மூன்று வெள்ளை டப்பா,
ஒவ்வொன்றின் மேலும் என் பெயர், பிறந்த தேதி,
எந்தக் கிழமை என்று எலேனியின் சாய்ந்த எழுத்தில்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.
நோபிள் பார்க் நெருங்கும்போது பெட்டி குலுங்க
மூடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன்.

எதிரே, பூட்ஸில் பெயின்ட் காய்ந்திருந்த ஒருவர்,
'மதியச் சாப்பாடா?' என்றார்.
'ஆமாம்' என்றேன்.
பொய் என்று சொல்ல முடியாது.
திங்கள் மதியம், செவ்வாய் மதியம், புதன் மதியம்.
உள்ளே போன வெண்ணெயைக் கிராம் கணக்கில் எழுதிவைத்து
வெளியே வந்ததை உறையவைத்துக் கொண்டுபோகிறேன்.
நடுவில் எவ்வளவு என்னுடையதாயிற்று என்று
அவர்கள் கழித்துப் பார்ப்பார்கள்.

இருபத்தாறு வருஷம் ஒரே விசாரிப்பு:
மூச்சு எப்படி?
பிறகு அந்த மாத்திரை வந்தது.
இருமாமல் தூங்கிய முதல் இரவு
சுதாமன் பயந்து எழுந்து
என் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
தட்டிவிட்டு விளக்கை அணைத்துப் போய்விட்டார்கள்,
மிச்ச உடம்பு உள்ளேயே இருக்க.

போன குளிர்காலத்தில் தும்மியதில் ஒரு விலா விரிந்தது.
ஈஸ்டர் விடுமுறை முழுக்கக் குடல் அடைத்துக் கிடந்தேன்.
நாற்பத்தொரு டிகிரி நாளில்
என் கறுப்புச் சட்டை முதுகில் உப்பளம் காய்கிறது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள்;
இட்டது எதுவும் உள்ளே தங்காதவள்
எத்தனை நாள் நினைக்க?

கணையம் என்றால்
கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் மரம் என்றும்
பழைய அகராதியில் ஒரு பொருள் இருக்கிறது.
அதைப் படித்த அன்று வாய்விட்டுச் சிரித்தேன்.
என்னுடையது பிறக்கும்போதே தாழ் போட்டது.
உள்ளே சமையல் நடந்தது, பந்திக்கு வரவில்லை.
அடைபட்ட சமையல்காரர்கள் கடைசியில்
அடுப்பையே தின்றுவிட்டார்கள்.
இப்போது சர்க்கரைக்கும் ஊசி.

மார்க்கண்டு அண்ணையின் கடையில்
முறுக்குப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் உண்டியல் வைத்தேன்.
'நெஞ்சு வருத்தத்துக்கோ, பிள்ளை?'
'இல்லை அண்ணை. கணையத்துக்கு, கல்லீரலுக்கு, எலும்புக்கு.
ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கொடுக்க.'
'சீனி வருத்தமோ? அது எங்கட வீட்டில
நாய்க்கும் இருக்கு.'
காசு வாங்காமல் இரண்டு பாகற்காய் போட்டார்.
சோற்றைக் குறைக்கச் சொன்னார்.

எப்படி விளக்குவது, அண்ணை,
என் சீனி வேறு ரகம்.
நான் குறைத்தால் கரைந்துபோவேன்.
நெய் ஊற்றித் தின்ன வேண்டும், உப்பை அள்ளிப் போட வேண்டும்,
முதல் கவளத்துக்கு முன் ஐந்து மாத்திரை,
அப்புறம் ஊசி.
உங்கள் டாக்டர் தடுத்ததெல்லாம்
என் டாக்டர் எழுதிக்கொடுத்தது.
ஏன் இப்படி, எத்தனை வயதுவரை இப்படி,
அவர்களுக்கே முழுதாகத் தெரியாது.
எங்களில் நாற்பதைத் தாண்டியவர்கள்
முன்பு அதிகம் பேர் இல்லையே, யாரைப் பார்த்துப் படிப்பது.

பாகற்காயை வறுத்தேன், எண்ணெய் தாராளமாக விட்டு.
அதையும் கிராமில் எழுதினேன்.

உண்டியலில் நாற்பத்து மூன்று டாலர் இருபது சென்ட்,
ஒரு மலேசிய நாணயம்.
இதற்கு என்ன வரும் என்று எலேனியைக் கேட்டேன்.
கொஞ்சம் யோசித்து,
'லேபிள்' என்றாள்.

கால்ஃபீல்டில் பெயின்ட்காரர் இறங்கும்போது
என் பெட்டியைக் காட்டி
'நல்லாச் சாப்பிடு' என்றார்.

ஏழாம் மாடியில் உறைபெட்டி திறந்து புகைந்தது.
பெயரில்லாமல் எண் மட்டும் போட்ட டப்பாக்கள்,
யார் யாரோ தின்ற மீனும் பாஸ்தாவும்.
என்னுடையதை நகர்த்தி இடம் பண்ணினாள்.
பிறகு ஆரஞ்சு என்று பெயர் சொல்லிக்கொள்ளும்
குளுக்கோஸ் தண்ணீரை நீட்டி,
மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல்,
'பசிக்கிறதா?' என்றாள்.