மொத்த எடை

காவேரிப்பட்டணத்துக்கு வெளியே, பாலக்கோடு சாலையில்,
மாங்கூழ் ஆலையின் எடைமேடை மேல்
பெங்களூரா ஏற்றிய லாரி நிற்கிறது.
திரையில் 3120.
வெறும் வண்டியின் எடையே 5140.
சீட்டு அச்சாகி வருகிறது:
மாம்பழம், நிகர எடை, மைனஸ் 2020 கிலோ.

'இன்னும் ரெண்டு டன்னு கொண்டாந்து குடுத்தா
கணக்கு நேராப் போயிடுமா மேடம்?'
என்கிறார் ஓட்டுநர் மாதப்பன்.
பின்னால் பதினோரு லாரிகள். ஒரு ஹாரன்.
ஜபீன் சிரிக்கவில்லை.
சீட்டில் இருக்கும் கையெழுத்து அவளுடையது.

நேற்று மதியம்தான் புதுக் கணினியை மாட்டினேன்.
பரிசோதனைக்கு இதே லாரியைக் காலியாக ஏற்றினோம்.
5140. பழைய நோட்டிலும் 5140.
ஓசூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

நினைவகத்தில் ஓர் அறை 255 வரைதான் தாங்கும்.
அதற்கு மேல் என்றால் எண்ணைப் பிரித்து
அடுத்தடுத்த அறைகளில் வைக்க வேண்டும்:
இருநூற்றைம்பத்தாறு கொண்ட கட்டுகள் எத்தனை,
கட்டில் சேராத சில்லறை எத்தனை.
பழைய எடைக்கருவி கட்டை முதலில் நீட்டும்.
புதுக் கணினியோ முதலில் வருவதைச்
சில்லறை என்று வாங்கிப் போட்டுக்கொள்ளும்.
இரண்டும் பொய் சொல்லவில்லை.
நாற்பத்தெட்டுக் கட்டு, பன்னிரண்டு சில்லறை: 12300.
பன்னிரண்டு கட்டு, நாற்பத்தெட்டுச் சில்லறை: 3120.

காலி லாரி மட்டும்
இருபது கட்டு, இருபது சில்லறை.
விகடகவி. எந்தப் பக்கம் படித்தாலும் விகடகவி.
அதைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் ஜபீனுக்குச் சொல்லவில்லை.
அவள் நோட்டில் தேதி நாளில் தொடங்கி ஆண்டில் முடிகிறது,
பக்கத்திலேயே நேரம் மணியில் தொடங்கி நிமிடத்தில் முடிகிறது.
ஒரே வரியில் இரண்டு வழக்கம்;
ஒரு நாளும் அவள் இடறியதில்லை.
'மொத்தம்' என்று எழுதுகிறாள்.
பேனா முதலில் கொம்பைப் போடுகிறது,
உதடுகளோ முதலில் மகரத்துக்கு மூடுகின்றன.
எழுதுகிற கையும் படிக்கிற வாயும்
ஒன்றாம் வகுப்பிலேயே பேசி முடித்த உடன்பாடு.
என் இரண்டு கருவிகளிடம்
அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்காமல் விட்டேன்.

நிரலில் ஒரே ஒரு வரி. முன்னதைப் பின்னுக்குத் தள்ளினேன்.
12300.
லாரி மேடையை விட்டு இறங்கியது. மாதப்பன் கையாட்டினார்.
டீ வந்தது.

பிறகுதான் நேற்று மாலைச் சீட்டு கண்ணில் பட்டது.
இதே லாரி. வேப்பனப்பள்ளி திம்மராயன் தோப்புப் பழம்.
மொத்தம் 11310, நிகரம் 6170. பணமும் கொடுத்தாயிற்று.
ஹாரன் இல்லை, கேலி இல்லை.
பார்த்தால் நம்பத் தோன்றும் எண்.
நாற்பத்தாறும் நாற்பத்து நான்கும் இடம் மாறி உட்கார்ந்து
ஐந்நூற்றுப் பத்து கிலோவைச் சத்தமில்லாமல் தின்றிருக்கின்றன.

அறைகளுக்குள் அவை அப்படியே இருக்கின்றன, ஒன்றும் தொலையவில்லை.
திருப்பிப் படித்தால் 11820.
இன்றைக்கு அந்த மைனஸ் வராமல் இருந்திருந்தால்
யார் திருப்பிப் படித்திருப்பார்கள்?

ஜபீன் போன் போடுகிறாள்.
'ஆலையிலிருந்து பேசறேங்க' என்றதும்
அந்தப் பக்கம் குரல் தாழ்கிறது, எனக்கே கேட்கிறது:
'அழுகல்னு எவ்வளவும்மா பிடிக்கப் போறீங்க?'